ஐம்பத்தாறு வயதில் வளர்ந்தேன்

விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிக் கட்டடம். கீழே பேக்கரி, மேலே பிசியோதெரபி. படியேறும்போதே சூடான பன் வாசனை வரும். வலியோடு மேலே போகிறவர்களில் பாதிப் பேர் இறங்கும்போது கையில் பொட்டலத்தோடுதான் இறங்குவார்கள்.

அந்த மாடியில், ஒரு காலை நேரத்தில், பிசியோதெரபி செய்கிற ஷபானா என்னைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னாள். குதிகால், முதுகு, தோள், பின்மண்டை நாலும் சுவரில் பட வேண்டும். மூன்று பட்டுவிட்டன. பின்மண்டை மட்டும் வர மாட்டேன் என்றது. மண்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தேங்காய் வைக்கலாம்.

ஷபானா என் நெற்றியில் உள்ளங்கையை வைத்து மெதுவாகப் பின்னால் தள்ளினாள். கழுத்துக்குள் எங்கேயோ பழைய கதவு திறக்கிற மாதிரி சத்தம் கேட்டது. பின்மண்டையில் சுவரின் குளிர்ச்சி பட்டது. ஷபானா ஒரு அடி தள்ளி நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, நீங்க இவ்ளோ உயரமா?"

பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை.

அளந்தாள். ஐந்தடி பத்து அங்குலம். அதை அவள் சீட்டில் எழுதும்போது, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் போல நின்றேன்.

ஷபானா கோட்டக்குப்பத்துப் பெண். அப்பா துபாயில் கடை வைத்திருக்கிறார். இவள் இங்கே எலும்புகளோடு மல்லுக்கட்டுகிறாள். நான் அவளிடம் போனது கழுத்து வலிக்காக. திண்டிவனத்தில் பார்த்த டாக்டர், எலும்பில் ஒன்றும் இல்லை, நிற்கிற விதம்தான் கோளாறு என்று இங்கே அனுப்பியிருந்தார். ஷபானா கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ரொம்ப வருஷமாக எதையோ குனிந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள், என்ன வேலை, தையலா என்று கேட்டாள்.

வேலையெல்லாம் ஒன்றும் இல்லை, எங்க வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான் என்றேன். அவள் நான் ஜோக்கடிப்பதாக நினைத்துச் சிரித்தாள்.

சந்தோஷமான கதைதான்

போன வாரம் என் இட்லி கல்லான கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, உங்கள் வீட்டில் சந்தோஷமான விஷயமே நடக்காதா என்று கேட்டிருந்தார். இது சந்தோஷமான கதைதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் நான் எப்படிக் குனிந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பெருமுக்கல் பக்கம் எங்களுக்கு நிலம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுவோம். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் எங்கள் காட்டில் மல்லாட்டை வளர்ந்ததோ இல்லையோ, நான் வளர்ந்தேன். லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனபோது டீச்சர், யாரைச் சேர்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அதிலிருந்து ஆரம்பித்தது. கடைசி பெஞ்சு. குரூப் போட்டோவில் கடைசி வரிசை. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் என் தலையைப் பார்த்தார்கள், பிறகு என் அப்பாவைப் பார்த்து வருத்தமாகத் தலையாட்டினார்கள். இவளுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது என்று என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். நான் தோளைக் கொஞ்சம் சுருக்கினேன். கழுத்தைக் கொஞ்சம் இறக்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை. மழை வந்தால் எல்லாரும் தலையைக் குனிகிற மாதிரி, தானாக வந்தது.

பெண் பார்க்க வந்த முதல் ரெண்டு மாப்பிள்ளைகள் நான் காப்பித் தட்டோடு வாசற்படி குனிந்து நுழைந்ததைப் பார்த்தே பாதிக் காப்பியில் எழுந்துவிட்டார்கள். மூன்றாவது தடவை தரகர் யோசனை சொன்னார். அவர்கள் வருவதற்கு முன்னாலேயே பெண் பாயில் உட்கார்ந்துவிட வேண்டும், போகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. சித்தி காப்பி கொண்டுவந்தாள். நான் பாயில் அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். பெண்ணுக்கு ரொம்ப மரியாதை தெரியும் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த மூன்றாவது மாப்பிள்ளைதான் எங்க வீட்டுக்காரர்.

தரைதாங்க

தாலி கட்டுகிற வரைக்கும் விஷயம் வெளியே வரவில்லை. அதுவும் உட்கார்ந்துகொண்டுதானே. அக்கினியைச் சுற்ற எழுந்தபோதுதான் அவர் என்னைப் பார்த்தார். முதலில் என் தோளைப் பார்த்தார். முகம் அங்கே இல்லாததால் இன்னும் மேலே பார்த்தார். அவர் வாழ்க்கையில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

"எது மேலயாச்சும் ஏறி நிக்கிறியா?"

"இல்லீங்க, தரைதாங்க."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுற்றினோம். போட்டோ எடுக்க வந்தவர்தான் சும்மா விடவில்லை. புடவைக்குள் முழங்காலை மடக்கி நில்லுங்கள், வெளியே தெரியாது என்றார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் சிரிக்காமல் இருப்பதைப் பார்த்து, அந்தக் காலத்துப் பெண்களுக்கு வெட்கம் என்று என் மருமகள் சொல்லுவாள். வெட்கம் இல்லை, தொடை வலி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எங்க வீட்டுக்காரர் என் உயரத்தைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. திண்டிவனத்தில் பம்பு செட்டுச் சாமான் கடை. காலையில் போவார், ராத்திரி வருவார், சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்பார். குனியச் சொன்னதும் இல்லை, நிமிரச் சொன்னதும் இல்லை. நானாகத்தான் அவர் காதுக்கு நேராக என் காது வருகிற மாதிரி குனிந்துகொண்டேன். தட்டையான செருப்பாகப் பார்த்து வாங்கினேன். மகன் என்னைப் போல வளர்ந்தான், மகள் அவரைப் போல நின்றுவிட்டாள். பங்கு சரியாகப் பிரிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம்.

ஃபிரிட்ஜின் தலை

ஷபானா சொன்ன பயிற்சிகளை வீட்டில் விடாமல் செய்தேன். தாடையை உள்ளே இழுக்க வேண்டும். சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நடக்கும்போது, தலையில் குடம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நாலைந்து வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. அதைவிட, வீடு மாறிவிட்டது.

முதலில் எங்கள் ஃபிரிட்ஜுக்கு ஒரு தலை இருப்பது தெரிந்தது. அதன் மேல் விரல் கனத்துக்குத் தூசி. தூசிக்குள் ஒரு ரப்பர் பந்து, ஒரு டார்ச், மகனுடைய பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட். அவனுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. பாத்ரூம் கண்ணாடியில் பார்த்தால் என் கழுத்து மட்டும் தெரிந்தது. அது அவர் உயரத்துக்கு மாட்டியது. இத்தனை வருஷமும் அந்தக் கண்ணாடிக்குப் பணிந்து பொட்டு வைத்திருக்கிறேன்.

காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் அணில் ஒன்று பக்கத்து வீட்டுக் கொய்யாவைப் பழமாகப் பார்த்துக் கடித்துவிட்டு, பிடிக்காததைக் கீழே போடுவதைப் பார்த்தேன். அணில்தான் தின்கிறது என்று தெரியாமல் பக்கத்து வீட்டம்மா எதிர் வீட்டுப் பையனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார்.

பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். தீபாராதனை காட்டினபோது நிமிர்ந்து நின்றேன். சாமி முகம் முழுசாகத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து போகிற கோயில். அதுவரைக்கும் முன்னால் நிற்கிறவர் பிடரியைத்தான் கும்பிட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் பேத்தியிடம், தொலைந்துபோனால் இந்த உயரமான ஆத்தா பக்கத்தில் வந்து நின்றுகொள் என்று சொன்னார். சின்ன வயதாக இருந்தால் அழுதிருப்பேன். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் குழந்தை தொலையாவிட்டாலும் என் பக்கத்திலேயே நின்றது.

சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் ஒரு வீட்டில் மாடி இருப்பது தெரியாமலே கீழே குடியிருந்த மாதிரி, இத்தனை நாள் என் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் எனக்கே எனக்கென்று காலியாகக் கிடந்திருக்கிறது.

கனமான செருப்பு

என் சந்தோஷத்தில் ஒரு ஆளை மறந்துவிட்டேன்.

முதலில் அவர், ஏன் ஒரு மாதிரி நடக்கிறாய் என்றுதான் கேட்டார். ஷபானா சொன்னதைச் சொன்னேன். சரி என்றார். பிறகு ஒரு நாள் மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மோட்டார் ரிப்பேருக்கு வந்திருந்த ஒருவர், அண்ணிக்கு என்னங்க ஆச்சு, வளர்ந்துட்டாங்க என்று சிரித்தார். டீக்கடையில் அதுவே பேச்சாகிவிட்டதாம். உரம் ஏதாவது வைக்கிறாயா என்று அவரைக் கேட்டார்களாம். இதை அவர் சொல்லவில்லை, டீக்கடைக்காரர் மனைவி சொன்னாள்.

அந்த வாரம் அவர் பாண்டிச்சேரிக்குச் சரக்கெடுக்கப் போனார். திரும்பி வரும்போது காலில் புதுச் செருப்பு. அடிப்பாகம் செங்கல் கனம். முழங்கால் வலிக்கு நல்லது என்றார். அவருக்கு முழங்கால் வலி கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு, புதுத் தார் ரோட்டில் நடக்கிற கொக்கு மாதிரி நடந்தார்.

அதுவும் போதவில்லை. வெளியே போகும்போது எனக்கு நாலு வீடு முன்னால் நடக்க ஆரம்பித்தார். மார்க்கெட்டில், கோயிலில், எங்கேயும் பக்கத்தில் நிற்பதில்லை. நான் ஜல்தியாக நடந்து பக்கத்தில் போனால், அவர் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி எதிர்க் கடைக்குள் நுழைந்துவிடுவார். ஒரு தடவை அப்படி வளையல் கடைக்குள் போய்விட்டு, வெளியே வரத் தெரியாமல் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்தார்.

பிறகு விழுப்புரத்தில் அவர் பெரியப்பா பேரன் கல்யாணம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"அங்க எல்லா சனமும் வரும். நாளைக்கு ஒரு நாளு மட்டும் கொஞ்சம் பழைய மாதிரி இரேன்."

நான் சரி என்றேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் கேட்காமலே குனிந்தேன், அப்போது ஒன்றும் தெரியவில்லை. முதல் தடவையாக அவர் வாய் திறந்து கேட்டபோதுதான், நான் இத்தனை நாள் செய்துகொண்டிருந்தது என்னவென்று புரிந்தது. அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் குனிய வேண்டும். நிமிர வேண்டும் என்றால் தனியாக நடக்க வேண்டும். மடித்த வேட்டியைத் திரும்ப உதறி மறுபடி மடித்தேன்.

மேடையில் தேடியது

முகூர்த்தம் முடிந்து, மொய் எழுதி, போட்டோவுக்கு மேடையேறினோம். மேடைக்குக் கீழே செருப்பைக் கழற்ற வேண்டும். அவர் அதை யோசிக்கவில்லை. செங்கல் செருப்பிலிருந்து இறங்கியதும் அவர் என் கண் முன்னாலேயே குறைந்துபோனார். என்னைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டேன்.

எங்கள் கல்யாணத்தன்று மடக்கிய முழங்கால் இப்போது மடங்காது. அதனால் மொத்தத்தையும் கழுத்திலேயே குனிந்தேன். போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். எடுத்தார்.

நிமிரப் பார்த்தேன். வரவில்லை. பூட்டுக்குள் சாவி சிக்கின மாதிரி கழுத்து அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாப்பிள்ளையின் கால் விரல்களும், பெண்ணின் மருதாணிப் பாதங்களும், கம்பளத்தில் கிடந்த ரோஜா இதழ்களும்தான்.

பெண்ணின் அம்மா, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். வலியில் உடனே பேச்சு வரவில்லை. அதற்குள் யாரோ, அக்காவோட தோடு விழுந்துடுச்சி போலிருக்குது என்றார். அவ்வளவுதான். மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் குனிந்தார்கள். அன்பளிப்போடு வரிசையில் நின்றவர்களும் ஏறி வந்து தேடினார்கள். மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்து நாற்காலிக்கு அடியில் கையை விட்டுத் தேடினார். ரெண்டு பேர் கம்பளத்தைத் தூக்கினார்கள். வீடியோக்காரர் லைட்டைத் தரைக்குத் திருப்பி உதவி செய்தார். ஒரு அம்மா நிஜமாகவே ஒரு திருகாணியைக் கண்டெடுத்து என் மூக்குக்கு நேராகக் காட்டி, இதானா என்றார். அது என்னுடையது இல்லை என்று கையை ஆட்டினேன். அப்போது யாருடையது என்று இன்னொரு விசாரணை தொடங்கியது.

இந்த நேரத்தில் எங்க வீட்டுக்காரர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு காலில் தவழ்ந்து என் முகத்துக்கு நேர் கீழே வந்தார். தரையிலிருந்து அண்ணாந்து என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்வை, நெற்றியில் ஒரு ரோஜா இதழ்.

"எந்தக் காதும்மா?"

"காது இல்லீங்க. கழுத்து."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில், அப்படி நேருக்கு நேராக அந்த முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, தேடுகிறவர்களை விலக்கி, மண்டபத்துக்கு வெளியே கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றினார். தோடு கிடைத்துவிட்டதா என்று வாசல் வரைக்கும் கேட்டார்கள். கிடைத்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்.

இதானா, சரி

ஷபானா ஒத்தடம் கொடுத்து, விரலால் நீவி, கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தை மேலே கொண்டுவந்தாள். மின்விசிறி தெரிந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நன்றாகத்தானே இருந்தீர்கள், யார் உங்களைக் குனியச் சொன்னது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மூலையில் நின்றிருந்தவர் பேசினார்.

"நான்தாம்மா."

ஷபானா அவரைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் சார் என்றாள். இனிமேல் குனிய வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார். உட்காரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, உயரம் ஏத்துறதுக்கு ஏதாச்சும் எக்சர்சைஸ் இருக்குதா என்று கேட்டார்.

அவள் சிரித்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சிரிக்கவில்லை. என்னை நிறுத்திய அதே சுவரில் அவரை நிறுத்தினாள். குதிகால், முதுகு, தோள், பின்மண்டை. நாலும் முதல் தடவையிலேயே ஒட்டின. சுற்றி வந்து பார்த்தாள்.

"நீங்க நேராத்தான் சார் நிக்கிறீங்க. உங்க உயரம் இதான்."

"இதானா. சரி" என்றார்.

அந்தச் சரியை நான் நிறைய தடவை கேட்டிருக்கிறேன். கரண்டு போனால் சொல்வார், மழை வந்தால் சொல்வார். ஆனால் அன்றைக்கு அதில் ஏதோ ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. படியிறங்கும்போதுதான் ரெண்டு பேர் காலிலும் செருப்பு இல்லை என்பதைக் கவனித்தோம். மண்டபத்திலேயே கிடந்தன. திரும்பிப் போய் எடுக்கலாமா என்றேன்.

"கெடக்கட்டும். எவன் வளரணுமோ போட்டுக்கினு வளரட்டும்."

எதிர்க் கடையில் ரெண்டு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினோம். கீழே பேக்கரியில் சூடாக ரெண்டு பன் வாங்கி, ரோட்டோரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்றோம். அவர் எங்கேயும் ஓடவில்லை.

விக்கிரவாண்டி தாண்டி

திண்டிவனம் பஸ்ஸில் முகூர்த்த நாள் கூட்டம். உட்கார இடம் இல்லை. நான் நிமிர்ந்து மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள்.

"வேணாம்மா, நீ உக்காரு. நான் இவளைப் புடிச்சிக்கினு வர்றேன்" என்றார்.

பஸ்ஸில் நிமிர்ந்து நின்றால் ஜன்னல் தெரியாது. தலைகள்தான் தெரியும். விக்கிரவாண்டி தாண்டியதும் வேறு வேலை இல்லாமல் அவர் உச்சந்தலையைப் பார்த்தேன். முடி நன்றாகக் கொட்டியிருந்தது. முன்பெல்லாம் அங்கே இருந்த சுழியை முடியின் அடர்த்தி மறைத்தது, பிறகு நான் குனிந்திருந்தது மறைத்தது. இப்போது பளிச்சென்று தெரிந்தது.

குனியாமல், அவருக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே, உங்களுக்கு ரெட்டைச் சுழி இருக்கிறது என்றேன். அது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியுமாம். ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு பெண்டாட்டி என்பார்களே என்றேன். அவர் கூட்டேரிப்பட்டு வரைக்கும் யோசித்தார்.

"ஆயிடுச்சே. குனிஞ்சவ ஒருத்தி, நிமுந்தவ ஒருத்தி."

முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் இதில் பாதியைக் கேட்டுவிட்டு, திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் மூத்தவளா, இளையவளா என்று கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. நானே சொல்லிவிட்டேன், இளையவள் என்று.